மோதிய பிறகும் பறக்கிற ஆர்.சி. விமானத்தை எப்படிக் கட்டுவது?

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆர்.சி. விமானத்தின், அதாவது ரிமோட்டில் பறக்கவிடும் சிறு விமானத்தின், பின்னால் காகித நாடா கட்டி, ஒருவர் நாடாவை இன்னொருவர் வெட்டுகிற சண்டை ஆட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். தெர்மோகோலில் கட்டியதெல்லாம் ஒரே மோதலில் தூளாகிவிடுகிறது. பால்சா மரத்தில் கட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் போட்டு இறுக்கினால் தாங்குமா, வேறு நல்ல பொருள் உண்டா, செலவு எங்கே போகும் என்பது கேள்வி. 'எது வலுவான பொருள்' என்று கேட்பதுபோல இருந்தாலும், அவருக்கு வேண்டியது அதுவல்ல என்று நினைக்கிறேன். மோதிக் கீழே விழுந்த விமானத்தை அதே மாலையில் எடுத்து ஒட்டி, மறுபடி கையால் வீசிப் பறக்கவிட வேண்டும். அதற்கான பதில் வேறு மாதிரி வரும்.

நான் தேவகோட்டைப் பக்கத்தில் பல வருஷமாக ஃபோம் விமானம் கட்டுகிறவன், பையன்களுக்குக் கட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எரிபொருள் என்ஜின் வைத்த சண்டை விமானங்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கட்டியதில்லை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் பேட்டரியில் ஓடும் ஃபோம் விமானத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். விமானத்தின் எடை 700 கிராம், வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் 140 ஜூல். எதிலாவது மோதி 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் சராசரியாக 14,000 நியூட்டன் விசையை அது தாங்க வேண்டும். மூக்கு 5 செ.மீ. நசுங்கி நின்றால் 2,800 நியூட்டன் போதும், ஐந்தில் ஒரு பங்கு. நேருக்கு நேர் மோதல் அபூர்வம், பெரும்பாலும் இறக்கையோடு இறக்கை உரசித்தான் மோதும் என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. கண்ணாடி இழை போட்ட பால்சா நசுங்கிக் கொடுக்காது. ஓர் அளவு வரை அசையாமல் நிற்கும், அதைத் தாண்டினால் சில்லாக உடையும். ரெசின் எடையும் சேர்வதால் அது காற்றில் நிற்கவே கூடுதல் வேகம் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. உடைந்த பிறகு ரெசின் ஊற்றி, அது காய்ந்து இறுகும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே பால்சா, கண்ணாடி இழை யோசனை இந்த ஆட்டத்துக்கு வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டு கம்பிகளில் கட்டிச் சுற்றவிடும் விமானச் சண்டைக்கு எஃப்2டி என்று உலகளவில் போட்டியே நடக்கிறது. 4 நிமிட ஆட்டம், நாடாவில் ஒவ்வொரு வெட்டுக்கும் 100 புள்ளி. அங்கே வருகிற விமானங்களைப் பாருங்கள்: முன் விளிம்பில் ஃபோம், பின்னால் மெல்லிய பால்சா விலாக்கள், மேலே பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். இறுக்கிக் கட்டி ஜெயிக்க முடியும் என்றால் அவர்கள் என்றோ அதைச் செய்திருப்பார்கள்.

சரி, எதில் கட்டுவது? இ.பி.பி. ஃபோமில். தெர்மோகோலும் மணி மணியாகப் பொரிந்த ஃபோம்தான், ஆனால் அது பாலிஸ்டைரீன். இது பாலிப்ரொப்பிலீன். நசுக்கினால் மீண்டு வரும், மடக்கினாலும் டக்கென்று முறியாது. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை செய்யுங்கள். ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் தெர்மோகோல் மொறுமொறுவென்று மணியாக உதிரும், இ.பி.பி. பிய்க்க மறுத்து இழுபடும். ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் தெர்மோகோல் கரைந்து குழி விழும், இ.பி.பி. அப்படியே இருக்கும். டி.வி. பெட்டிகளில் வரும் வளவளவென்ற வெள்ளை ஷீட் இ.பி.இ. என்கிற வேறு பொருள். பெயர் நெருக்கமாக இருப்பதால் அதை வாங்கிவந்துவிடுகிறார்கள். அதில் கட்டிய இறக்கை தன் எடையிலேயே தொங்கும்.

இ.பி.பி.யில் அடர்த்தி முக்கியம். லிட்டருக்கு 20 கிராம், 30 கிராம் என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். 120 செ.மீ. அகல இறக்கைக்கு ஏழெட்டு லிட்டர் ஃபோம் ஆகும். 20 கிராம் வகையில் 160 கிராமுக்குள் முடியும், 30 கிராம் வகையில் 240 வரை போகும். நான் லேசானதைத்தான் எடுப்பேன். விறைப்பை டேப்பிலும் ஸ்பாரிலும் (இறக்கையின் நீளவாக்கில் பதிக்கும் கம்பி அல்லது பட்டை) கொண்டுவரலாம், எடையைப் பிறகு குறைக்க வழியில்லை. கனமான ஃபோம் நல்லது என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். காற்று பலமாக இருக்கும் இடங்களில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

விளம்பரப் பலகைக்குப் போடுகிற சன்பேக் ஷீட் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும், பழைய பலகைகளைச் சும்மாவே கொடுப்பார்கள். அதில் முழு விமானம் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு, உடையவே உடையாது என்பதும் உண்மை. ஆனால் கனம் அதிகம், ஒரு முறை மடிந்த இடம் மடிந்த மாதிரியேதான் இருக்கும். அதைவிட, சன்பேக் விமானம் ஃபோம் விமானத்தோடு மோதினால் கத்தியாக அறுத்துவிடும். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் சன்பேக்கில் கட்டிக்கொண்டு வந்தால் ஆட்டம் கெட்டுப்போகும்.

வடிவத்துக்கு வருகிறேன். உடம்பு, வால் என்று தனித்தனியாக இல்லாத, பின்சாய்ந்த முக்கோணம் போன்ற இறக்கை விமானம்தான் சண்டைக்கு ஏற்றது. வால் இல்லையென்றால் வால் உடையாது. புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் மோதலை வாங்குவது ஃபோம் மூக்கும் முன்விளிம்பும்தான், மோட்டார் தண்டு வளையாது. சர்வோ, அதாவது தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார், இரண்டு போதும். ஏறி இறங்குவதையும் சாய்வதையும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் இரண்டு எலிவான் தகடுகளே செய்யும். அந்தக் கலவையை ரிமோட்டிலேயே அமைக்கலாம், ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆரம்பநிலை ரிமோட்டிலும் அந்த வசதி இருக்கிறது. அகலம் 90 முதல் 120 செ.மீ. வரை வைக்கலாம். நீங்கள் புதிதாகப் பறக்கவிடுகிறவர்கள் என்றால் 120. பெரியது மெதுவாகப் பறக்கும், தூரத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும்.

கட்டையாக வாங்கிய ஃபோமை நைக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெட்டலாம். இரண்டு பக்கமும் ஒட்டுப்பலகையில் இறக்கை வடிவ அச்சு செய்து வைத்து, மெதுவாக, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். புகை வரும், மாடியில் வைத்து வெட்டுங்கள். கம்பி வெட்டு வராதவர்கள் ஷீட்டாக வாங்கி, இறக்கையின் மேல்பக்கம் முன்பாதியில் மட்டும் இன்னொரு அடுக்கு ஒட்டிவிடலாம். படி வைத்த இந்த இறக்கைக்கு க்லைன்–ஃபோகில்மன் வடிவம் என்று பெயர். திறன் கொஞ்சம் குறைவு, சண்டைக்குத் தாராளமாகப் போதும்.

கட்டுமானத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் ஸ்பாரும் டேப்பும். வெறும் இ.பி.பி. இறக்கை வேகமாகத் திரும்பும்போது மேலே வளைந்துவிடும். இறக்கையின் தடித்த பகுதியில், முன்விளிம்பிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், மேலேயும் கீழேயும் கீறல் போட்டு கார்பன் பட்டையைப் பதியுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருந்தால்தான் பலன். நடுவில் ஒற்றைக் கம்பி வைப்பது எடையைக் கூட்டுமே தவிர விறைப்புக்கு அவ்வளவாக உதவாது. கார்பன் கிடைக்கவில்லை என்றால் கண்ணாடி இழைக் கம்பி வைக்கலாம். அது இன்னும் வளையும், ஆனால் சுலபத்தில் முறியாது. நன்றாகக் காய்ந்த மூங்கில் பிளாச்சும் வேலை செய்யும், இரண்டு பக்கமும் ஒரே எடையில் சீவிக்கொள்வதுதான் பாடு. ஒட்டுவதற்குச் செருப்புக் கடையில் பயன்படுத்துகிற ரப்பர் பசை மாதிரி ஏதாவது போதும். இரண்டு பக்கமும் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்துங்கள். அது தெர்மோகோலைக் கரைக்கும், இ.பி.பி.யை ஒன்றும் செய்யாது. உலர்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும், அதுதான் வேண்டும். கண்ணாடி மாதிரி இறுகுகிற பசை மோதலில் ஃபோமையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஹாட் க்ளூவை நம் பக்கத்து வெயிலுக்கு நம்ப வேண்டாம். சித்திரையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் இரண்டு மணி நேரம் விமானம் இருந்தால் க்ளூ இளகி, மோட்டார் பலகை சற்றே சாய்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது, பறக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும்.

டேப் என்று சொன்னது நூல் ஓடுகிற ஃபிலமென்ட் டேப்பை. முன்விளிம்பு முழுக்க ஒரு சுற்று, மேலும் கீழும் இறக்கை நுனியிலிருந்து எதிர்ப்பக்க வேர் (இறக்கை நடுவில் சேரும் இடம்) வரை குறுக்காகப் பெருக்கல் குறி போல ஒரு சுற்று. இறக்கை முறுக்கிக்கொள்வதைத் தடுப்பது இந்தக் குறுக்கு டேப்தான். டேப் இ.பி.பி.யில் சரியாக ஒட்டாது, முதலில் ஸ்ப்ரே பசை லேசாக அடித்துவிட்டு ஒட்ட வேண்டும். அதன்மேல் கலர் பேக்கிங் டேப்போ லேமினேஷன் படலமோ போடுங்கள். மேல்பக்கமும் அடிப்பக்கமும் அடியோடு வேறு நிறமாக இருக்கட்டும், ஐந்து விமானம் சுற்றும்போது எது தலைகீழாகப் போகிறது என்று தெரிய வேண்டும். கருப்பு மட்டும் வேண்டாம், சூட்டில் இறக்கை முறுக்கும்.

இதோடு டேப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இன்னொரு சுற்று போடத் தோன்றும். அப்படி வளர்ந்து 900 கிராம் ஆன விமானங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கனமாகி, வேகமாகி, இன்னும் பலமாக மோதி உடைகின்றன.

அடுத்ததுதான் என் பதிலில் முக்கியமான இடம். மோதலில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், அது எது என்று கட்டும்போதே நீங்கள் முடிவு செய்துவிடுங்கள். மோட்டாரைச் சிறு ஒட்டுப்பலகைத் துண்டில் திருகி, அந்தப் பலகையை ஃபோமில் பதித்த தாங்கியோடு பிளாஸ்டிக் ஸிப் டையால் கட்டுங்கள். அடி பலமாக விழுந்தால் டை அறும், மோட்டார் ஒயரில் தொங்கும். புது டை போட இரண்டு நிமிஷம். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டினால் பலகை ஒரு கை ஃபோமோடு பிடுங்கிக்கொண்டு வரும். மோட்டார் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சர்வோவில் உள்ளே உலோகப் பல்சக்கரம், வெளியே பிளாஸ்டிக் கை என்று வையுங்கள், கை உடைந்தால் பல் பிழைக்கும். சர்வோவை ஃபோமுக்குள் மட்டமாகப் பதித்து, கையும் கம்பியும் மேல்பக்கம் வருமாறு செய்யுங்கள். நம் செம்மண் பொட்டலில் சரளைக்கல் அதிகம், வயிற்றால் தரையிறங்கும்போது கீழே நீட்டியிருப்பது எதுவும் மிஞ்சாது. இறக்கை நுனியில் நிற்கும் செங்குத்துத் தகடுகள் சன்பேக்கில் இருக்கட்டும், டேப்பால் மட்டும் பிடித்திருக்கட்டும். பறந்து போனால் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

எலிவானுக்கு பால்சாவா சன்பேக்கா என்பதில் என் கருத்து உறுதியானதல்ல. பால்சா விறைப்பாக இருப்பதால் வேகத்தில் படபடக்காது, ஆனால் முறியும். சன்பேக் முறியாது, வேகமாகப் பாய்ந்து இறங்கும்போது படபடக்கலாம். நான் பால்சாவை ஃபிலமென்ட் டேப்பில் சுற்றிப் போடுகிறேன்.

மோட்டாருக்கு 2212 அளவு, 1400 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை சுற்று), 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மூன்று செல் 1300 முதல் 1500 மில்லி ஆம்பியர் மணி லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 8 அங்குல நைலான் புரொப்பெல்லர். மோட்டார் 50 கிராம் சொச்சம், பேட்டரி 120 கிராம் அளவு. எல்லாம் சேர்த்து 600 முதல் 700 கிராமுக்குள் முடித்துவிடலாம். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும்போது எப்படி மாட்டுவது என்று பலருக்குக் குழப்பம் வரும். எண் அச்சிட்ட பக்கம் எப்போதும் விமானம் போகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். காற்று தவறான பக்கம் வந்தால் மோட்டாரின் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள்.

பேட்டரிதான் இந்த ஆட்டத்தில் ஆபத்தான பொருள். மூக்குக்கு நேர் பின்னால் ஃபோமில் குழி வெட்டி உள்ளே வையுங்கள், அதன் முன்னால் குறைந்தது 5 செ.மீ. ஃபோம் இருக்கட்டும். வெல்க்ரோவில் ஒட்டி, மேலே பட்டையும் போட்டு இறுக்குங்கள். மோதலில் பேட்டரி வெளியே பறந்தால் அது 120 கிராம் கல். அடி வாங்கிய பேட்டரியை உடனே திரும்ப மாட்ட வேண்டாம். திறந்த மண்ணில், காய்ந்த புல் இல்லாத இடத்தில் அரைமணி நேரம் தனியாக வைத்துக் கவனியுங்கள். உப்பினதையோ ஓட்டை விழுந்ததையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, ஆட்டம் இல்லாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே யாரையாவது தெரிந்திருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதுவதைவிட அது பிரயோஜனம்.

வால் இல்லாத இறக்கைக்கு எடைமையம் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. சாதாரண விமானம் ஒரு செ.மீ. பிசகைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான சராசரி தூரத்தில், அதாவது ஏரோடைனமிக் நாணில், முன்னாலிருந்து 15 முதல் 20 சதவீதத்தில் முதலில் வையுங்கள். எலிவான் இரண்டும் 2 அல்லது 3 மி.மீ. மேலே தூக்கி நிற்க வேண்டும். எலிவான் ஆட்டத்தைக் குறைவாக வைத்து, மோட்டார் ஓடாமல் உயரமான புல்மேல் வீசிச் சறுக்கவிட்டுப் பாருங்கள். மூக்கு குத்தினால் பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், எழும்பி எழும்பி விழுந்தால் முன்னால் தள்ளுங்கள். மோட்டாரோடு வீசும்போது விரல் புரொப்பெல்லருக்கு அருகில் போகாமல் பிடித்து, கையை விட்டு விமானம் போன பிறகே வேகம் கொடுங்கள்.

நாடா விசேஷ வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும் கிரேப் காகிதமாகவே இருக்கலாம். ஓர் அங்குல அகலம், எட்டுப் பத்து மீட்டர் நீளம், முன்னால் இரண்டு மீட்டர் பருத்தி நூல். நைலான் நூல் கூடவே கூடாது. நூல் எதிராளியின் புரொப்பெல்லரில் சுற்றினால் பருத்தி அறுந்துவிடும். நைலான் அறாமல் மோட்டாரை நிறுத்திவிடும், ஈ.எஸ்.சி. கருகும். சுற்றிக்கொண்டது என்று தெரிந்தவுடன் வேகத்தைச் சுழியத்துக்கு இறக்குங்கள்.

களம் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் வற்றிய கண்மாய் அருமையான இடம், காலை ஒன்பது மணிக்கு முன்னால் காற்றும் இருக்காது. ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள், அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையில் நின்று, விமானங்கள் முன்பக்கம் மட்டும் பறக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால். தலைக்கவசம் போடுங்கள். சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கிறதா என்று ரிமோட்டை அணைத்து ஒவ்வொரு நாளும் சோதியுங்கள். செட்டிநாட்டுப் பழைய போர்க்கால ஓடுதளத்தில் பறக்கவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். விமானம் ஓட்டக் கற்று, ஜூபிடர் ஏர்வேஸ் என்று நிறுவனமே நடத்திய அழகப்பச் செட்டியார் வளர்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான், ஆனால் அது அரசு இடம், அனுமதியில்லாமல் போகாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்கு உட்பட்ட, கண்பார்வைக்குள் பறக்கவிடும் பொழுதுபோக்கு விமானங்கள் 'மாதிரி விமானம்' என்ற வகையில் வருகின்றன, அவற்றுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். வான்மண்டலக் கட்டுப்பாடு எல்லோருக்கும் உண்டு. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி தேவையில்லை. உங்கள் இடம் எந்த நிறம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில் பெரும்பங்கு ரிமோட்டும் சார்ஜரும் பேட்டரியும்தான், ஃபோமும் டேப்பும் சிறு தொகை. ஐந்து பேரும் ஒரே அச்சில், ஒரே மோட்டார், ஒரே சர்வோ என்று கட்டுங்கள். ஆட்டம் சமமாக இருக்கும், உதிரிபாகத்தை ஒரே பெட்டியில் வைத்து எல்லோரும் எடுக்கலாம், ஃபோம் வெட்டும் அன்றே ஆறாவதாக ஓர் இறக்கை வெட்டி வைத்துவிடலாம். காசை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் மோட்டாரில் பிடியுங்கள், சார்ஜரில் வேண்டாம். செல்களைச் சமன்செய்து ஏற்றுகிற நல்ல சார்ஜர் ஒன்றை ஐவரும் பங்குபோட்டு வாங்குங்கள். நாடா கட்டுவது அப்புறம். முதலில் ஒவ்வொருவரும் விமானம் தன்னை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பாமல் திருப்பிக் கொண்டுபோகப் பழகட்டும்.